நேரமில்லை என்போர்க்கு

நம் கிளை மன்றங்களிலும் சங்க அலுவலகங்களிலும் இந்நாளில் அடிக்கடி காதில் விழுகின்ற சொல் ஒன்று உண்டு. நேரமில்லை என்பதுதான் அச்சொல். படிக்க ஆசை, நேரமில்லை. எழுத ஆசை, நேரமில்லை. பாட்டுக் கட்டத் தெரியும், உட்கார நேரமில்லை. நாடகம் போடத் தெரியும், ஒத்திகைக்கு நேரமில்லை. அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி லாரி ஓட்டும் தோழர் இதைச் சொல்கிறார். பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் தோழரும் இதையே சொல்கிறார். பகலெல்லாம் வேலை, மாலையில் கட்சிப் பணி, இரவில் குடும்பக் கவலை; இடையில் மிஞ்சும் சிறு பொழுதையும் கைப்பேசி தின்று விடுகிறது என்பதை அவர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள்.

இவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் கூறமாட்டோம். உழைப்பவனுக்கு நேரம் எவ்வளவு அருமையானது என்பதை உழைப்பாளர் இயக்கம் அறியாததா? வேலைக்கு எட்டு மணி, உறக்கத்துக்கு எட்டு மணி, மனிதனாக வாழ்வதற்கு எட்டு மணி என்று கேட்டுத்தானே 1886-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிகாகோ நகரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்? அந்த உரிமையின் நினைவாகத்தானே 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடினார்? குருதி சிந்திப் பெற்ற அந்த மூன்றாவது எட்டு மணி எங்கே போயிற்று என்பதுதான் நாம் எழுப்பும் கேள்வி. அதில் பறிபோன பங்கு உண்டு. அதை மீட்கச் சங்கம் இருக்கிறது. நாமே சிந்திப் போக விட்ட பங்கும் உண்டு. அதை மீட்பவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சிகாகோவுக்குப் போகவேண்டியதில்லை. அரியலூர்க் கடைவீதிக்கும் குன்னத்துத் திண்ணைக்கும் பெரம்பலூரை அடுத்த செங்குணத்துக்கும் போனால் போதும். ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊர்களில் ஓர் ஏழைப் பையன் தமிழுக்காக அலைந்து திரிந்தான். பின்னாளில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, தமிழினம் தன் பழம்பெருமையை அறியும் வாயிலைத் திறந்து வைத்தான். உ. வே. சாமிநாதய்யர் என்றால் நாடறியும். அவருடைய நூல்களைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நாம் இன்று பேச விரும்புவது அவர் நேரத்தை எங்கிருந்து எடுத்தார் என்பதைப் பற்றி.

ஊர் ஊராக ஒரு பள்ளி

சாமிநாதய்யர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் புகழோடு விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். பாட்டும் கதையும்தான் அவருக்குத் தொழில். அத்தொழிலில் நிலையான வருவாய் ஏது? எந்த ஊரார் ஆதரித்தார்களோ அந்த ஊரில் குடும்பம் தங்கும். ஆதரவு குறைந்தால் மூட்டையைக் கட்டும். அப்படித்தான் அந்தக் குடும்பம் அரியலூருக்கு வந்தது, பிறகு குன்னத்துக்குப் போயிற்று, மேலும் பல ஊர்களைக் கண்டது.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் படிப்புக்கு நேரமும் வசதியும் இருந்திருக்கும் என்று யாராவது எண்ண முடியுமா? ஒரே ஊரில் ஒரே ஆசிரியரிடம் தொடர்ந்து கற்கும் பேறு அந்தப் பையனுக்குக் கிட்டவில்லை. ஆனால் போன ஊரிலெல்லாம் அவன் முதலில் விசாரித்தது ஒன்றுதான்: இங்கே தமிழ் தெரிந்தவர் யார்?

அரியலூரில் சடகோபையங்கார் இருந்தார். பாட்டின் சுவையை நிதானமாக எடுத்துக் காட்டி, அந்தப் பையன் நெஞ்சில் தமிழ் ஆசையை ஊன்றியவர் அவரே. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை இருந்தார். கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் இருந்தார். செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் இருந்தார். நிலபுலம் உடையவர், யாப்பிலக்கணம் வல்லவர். அவரிடம் சாமிநாதன் யாப்பருங்கலக் காரிகை கற்றான். மேற்கொண்டு கற்க வேண்டுமானால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் போகவேண்டும் என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தியவரும் ரெட்டியாரே.

இங்கே தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களுள் எவரும் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். சம்பளம் பெற்று வகுப்பு நடத்தியவரும் அல்லர். தத்தம் வீட்டுக் காரியங்களுக்கு இடையே ஊருக்குப் புதிதாக வந்த பையனுக்கு ஒரு நாழிகை, இரண்டு நாழிகை கொடுத்தார்கள். அந்த நாழிகைகள் வீணாயினவா? இன்று அந்தப் பெரிய மனிதர்களின் சொத்து எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் கொடுத்த நேரம் மட்டும் நிற்கிறது.

அந்தக் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்ததா என்றால், இல்லை. பார்ப்பனக் குடும்பத்துப் பையன் ஏறிய திண்ணையில் சேரிப் பிள்ளை ஏற முடியாத காலம் அது. இதை மறைத்து அக்காலத்தைப் புகழ நாம் ஆயத்தமாயில்லை. ஏழ்மை அந்தப் பையனை வாட்டியது. சாதி அவனைத் தடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்து தடுத்த பிள்ளைகளுள் எத்தனை சாமிநாதன்கள் மண்ணோடு மண்ணானார்களோ! இன்று திண்ணையின் இடத்தில் நூலகம் இருக்கிறது. யார் சாதி என்ன என்று அந்த வாயில் கேட்பதில்லை. திறந்த கதவுக்குள் நாம் போகிறோமா என்பதே இன்றைய கேள்வி.

ஒன்றைப் பற்றி, மற்றதை விட்டு

நேரத்தைப் பற்றிய முதல் பாடத்தைச் சாமிநாதய்யர் தம் இளமையிலேயே கற்றார். எல்லாவற்றையும் பிடிக்க நினைப்பவன் எதையும் பிடிக்கமாட்டான் என்பதே அது.

தந்தைக்கு மகன் இசைவாணன் ஆகவேண்டும் என்ற ஆசை. உறவினருள் சிலருக்கு அவன் இங்கிலீஷ் படித்து உத்தியோகம் பார்க்கவேண்டும் என்ற ஆசை. அந்நாளில் வெறுந்தமிழ் படித்தவனுக்குச் சோறு கிடைக்காது என்பது உலகறிந்த செய்தி. எனினும் அந்தப் பையன் தமிழையே கேட்டான். 1871-ஆம் ஆண்டு, 16 வயது நிறைந்த இளைஞனாக மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவனாகச் சேர்ந்தான்.

அதே மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்துகொண்டிருந்தார். குடும்பச் சொத்தாகிய இசையை அப்பெரியாரிடம் கற்கும் வாய்ப்புத் தானாக வந்தது. சாமிநாதன் கற்கவும் தொடங்கினான். ஆனால் இசைப் பயிற்சி தமிழ்ப் படிப்புக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதினார். இளைஞன் எண்ணிப் பார்த்து, இசைப் பாடத்தை நிறுத்திக்கொண்டான். பாட்டின் மேல் அவனுக்கு வெறுப்பில்லை. கடைசி வரை இசையை நேசித்தவர்தான் அவர். ஆனாலும் ஒரு நாளில் இருக்கும் நாழிகை இவ்வளவுதான், அதில் முதலிடம் எதற்கு என்று முடிவு கட்டிவிட்டார். கெட்டதை விடுவது எளிது. நல்லவை இரண்டில் ஒன்றை விடுவதுதான் கடினம். பத்துக் குழுக்களில் பெயர் கொடுத்துவிட்டு எதிலும் உருப்படியாக எதையும் செய்யாத நம் தோழர்கள் சிலர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ஓய்வாக உட்கார்ந்து பாடியவர் அல்லர். சுற்றிலும் மாணவர், வந்து போகும் விருந்தினர், கழுத்தை நெரிக்கும் கடன். இவற்றுக்கு நடுவில்தான் அவர் பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். அருகில் இருப்பவர் ஏட்டில் எழுதிக்கொள்வார். புராணம் புராணமாக அப்படியே வளர்ந்தன. சந்தடி ஓய்ந்தால் படைப்போம் என்று அவர் காத்திருந்தால் ஒரு புராணமும் முடிந்திராது. இதை ஐந்து ஆண்டுகள் அருகில் இருந்து பார்த்த மாணவருக்கு வேறு பாடம் வேண்டுமா?

அந்த ஆண்டுகளிலும் வறுமை விடவில்லை. திருமணத்தால் ஏற்பட்ட கடன் குடும்பத்தை அழுத்தியது. அதைத் தீர்க்க வேண்டி அவர் மறுபடியும் பெரம்பலூர் வட்டாரத்துக்கு வந்தார். காரை என்ற ஊரில் கிருஷ்ணசாமி ரெட்டியார் முதலியவர்களின் ஆதரவில் திருவிளையாடற் புராணத்தைப் பிரசங்கம் செய்து, கிடைத்த பொருளால் கடனை அடைத்தார். பிறகு ஆசிரியரிடம் திரும்பினார். கடன் வந்தது, ஆகையால் படிப்பை விட்டேன் என்று சொல்ல அவருக்கு நல்ல சாக்கு இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. கற்ற தமிழைக் கொண்டே கடனை அடைத்தார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் மறைந்த பிறகு, திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் படிப்பைத் தொடர்ந்தார்.

ஐம்பது ரூபாய் உத்தியோகம்

1880-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அவ்வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார் தம் இடத்துக்கு இவரைப் பரிந்துரைத்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய். அலைந்து திரிந்த குடும்பத்துக்கு முதல் முறையாக நிலையான வருவாய். சாதாரண மனிதனாக இருந்தால் அத்துடன் மனநிறைவு கொண்டிருப்பான். பகலில் வகுப்பு, மாலையில் வீட்டுக்கு வந்து பாடம் கேட்கும் மாணவர்கள், மாதக் கடைசியில் சம்பளம். வாழ்க்கை ஒழுங்காக ஓடும்.

அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அய்யர் போய்ப் பார்த்தார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். அய்யர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியாருக்கு வியப்பு ஏற்படவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்ற கேள்வி எழுந்தபோது அய்யரிடம் விடை இல்லை. அந்நூல்கள் அன்று ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக்கொண்டிருந்தன. தமிழாசிரியர்களே அறியாத தமிழ் அது.

முதலியாரிடம் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய்ப் படித்தார் அய்யர். முதலியாருக்கே அதைப் பாடமும் சொன்னார். முதலியார் நீதிமன்ற அலுவலர். அய்யர் கல்லூரி அலுவலர். இருவருக்கும் பகல் சொந்தமில்லை. வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில் இந்த இருவரும் ஒரு பழைய நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தமிழின் மறுமலர்ச்சியில் பெரும்பங்கு அந்த ஓய்வு நேரத்தில் தொடங்கியது என்றால் அது மிகையன்று.

ஏட்டில் உள்ளதை அச்சிடுவது எளிய வேலை என்று தோழர்கள் நினைக்கலாம். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஏகாரம் எது, எகரம் எது என்று வேறுபாடு தெரியாது. பாட்டு எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமும் இராது. ஓர் ஏட்டில் இல்லாதது மற்றோர் ஏட்டில் இருக்கும். சிந்தாமணி சைன நூல். அய்யரோ சைவ நூல்களில் ஊறியவர். சைனக் கொள்கை தெரியாமல் பொருள் விளங்காது. ஆகவே கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களைத் தேடிச் சென்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டறிந்தார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டும் அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடப் போய்ப் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் கண்டார். ஒருவர் ஏட்டைப் படிக்க, மற்றவர்கள் தத்தம் பிரதியோடு ஒத்துப் பார்க்க, வேறுபாடுகளைக் குறித்துக்கொள்வார்கள். கூட்டு உழைப்பு என்று நாம் இன்று மேடையில் முழங்குவதை அவர் தம் வீட்டில் நடத்திக் காட்டினார்.

அச்சுக்கூடம் இருந்த இடம் சென்னை. வேலை பார்த்த இடம் கும்பகோணம். கல்லூரி விடுமுறை விட்டதும் சென்னைக்குப் போவார். விடுமுறை முடிந்தால் வகுப்புக்குத் திரும்புவார். பணத்துக்கு முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார்; போதாததற்குக் கடன் பட்டார். ஏழு ஆண்டு உழைப்பின் பயனாக 1887-இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. உழைப்பாளர்களின் எட்டு மணி நேரப் போராட்டம் சிகாகோவில் நடந்ததற்கு அடுத்த ஆண்டு அது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் எஞ்சிய எட்டு மணியைக் கொண்டு ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று நமக்குத் தெரியாது.

அடுத்து வந்தவற்றைப் பாருங்கள். 1889-இல் பத்துப்பாட்டு. 1892-இல் சிலப்பதிகாரம். 1894-இல் புறநானூறு. 1898-இல் மணிமேகலை. 1903-இல் ஐங்குறுநூறு. 1904-இல் பதிற்றுப்பத்து. 1918-இல் பரிபாடல். கும்பகோணத்தில் 1903 வரையும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் 1919 வரையும் அவர் உத்தியோகத்தில் இருந்தார். மேலே சொன்ன நூல்கள் அத்தனையும் உத்தியோகத்தில் இருந்த காலத்திலேயே வெளிவந்தன. ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றையும் அவர் ஒத்திவைக்கவில்லை. இன்று நம் பேச்சாளர்கள் புறநானூற்றுப் பாட்டை எடுத்துச் சொல்லாத மேடை உண்டா? கண்ணகியைப் பேசாத மாநாடு உண்டா? அந்த மேடைகளுக்கெல்லாம் அடியில் ஒரு கல்லூரி ஆசிரியர் கண்விழித்த இரவுகள் கிடக்கின்றன.

அவர் ஒருவரே இதைச் செய்தார் என்றும் நாம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த சி. வை. தாமோதரம் பிள்ளை, தம் வேலைக்கிடையே பழைய இலக்கண நூல்களைப் பதிப்பித்து, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் தந்தார். அன்றைய தமிழ் வளர்ச்சியை ஓய்வாக இருந்த பிரபுக்கள் செய்யவில்லை. பகலில் பிறருக்கு வேலை செய்தவர்களே பெரும்பாலும் செய்தார்கள்.

சண்டைக்கு நேரமில்லை

நேரத்தைத் தின்னும் பேய்கள் பல. அவற்றுள் மிகவும் பசி கொண்டது வீண் சண்டை. சிந்தாமணி வெளிவந்த பிறகு அய்யர் மேல் பொறாமை கொண்டவர்கள் கண்டனத் துண்டுகளை வெளியிட்டார்கள். பதிப்பில் பிழை இருக்கிறது என்றார்கள். வேறு பலவும் சொன்னார்கள். அய்யருக்கு மனம் கொதித்தது. பதில் எழுதத் தொடங்கினார். அதைக் கல்லூரியில் உடன் வேலை பார்த்த சாது சேஷையரிடம் காட்டினார். பதிலுக்குப் பதில் என்று இறங்கினால் அதற்கு முடிவே இராது, உருப்படியான வேலைக்கு உரிய காலம் அதில் கரைந்துவிடும் என்பது அவர் அறிவுரை. அய்யர் ஏற்றுக்கொண்டார். அந்தப் பதில் வெளிவரவேயில்லை. அந்தக் காலத்தில் பத்துப்பாட்டு வளர்ந்தது.

மாற்றாரின் கொள்கைப் பொய்களுக்கு விடை சொல்ல வேண்டியது கட்சிக்காரன் கடமை. அதை விடச் சொல்லும் பத்திரிகை இதுவன்று. ஆனால் தன்னைப் பற்றி எவனோ எங்கோ எழுதிய ஏச்சுக்கு நள்ளிரவு வரை கைப்பேசியில் விடை எழுதிக்கொண்டிருக்கும் இளந்தோழர், அந்த இரவில் தான் எதை எழுதாமல் விட்டோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

மணிமேகலை பௌத்த நூல். சிந்தாமணிக்கு அடுத்தே அதைத் தொட ஆசை இருந்தும், பௌத்த சமயம் விளங்காததால் அய்யர் அவசரப்படவில்லை. உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் பௌத்த நூல்களைக் கற்றவர் என்று அறிந்து அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். அலுவலகத்தில் நம் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்? அவருக்கு என்ன தெரியும் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

நாளை என்பது தீ

காலம் தாழ்த்தினால் என்ன என்று கேட்பவர்க்கும் இவ்வாழ்க்கையில் விடை இருக்கிறது. சுவடி தேடி அவர் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சென்றார். கரிவலம்வந்தநல்லூரில் கோயிலைச் சேர்ந்த ஏடுகள் ஏராளமாக இருந்தன என்று கேள்விப்பட்டுப் போனார். அவர் போனபோது அவை இல்லை. பழுதுபட்ட ஏடுகளை நெருப்பில் இடவேண்டும் என்ற நம்பிக்கையால் அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டார்கள். எந்தப் புலவனின் எந்தப் பாட்டு அதில் வெந்ததோ, இனி யாருக்கும் தெரியாது. அறியாமை தீ வைக்கிறது. காலதாமதம் அதற்குத் துணை போகிறது.

மற்றோரிடத்தில் முயற்சி வென்றது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்களைச் சொல்லும் பகுதி ஏடுகளில் குறைந்திருந்தது. தருமபுரம் மடத்தில் தேடி அந்தப் பகுதியைக் கண்டெடுத்தார். இத்தனையும் விடுமுறை நாட்களில், ஒருவர் தம் சொந்தச் செலவில் செய்த பயணங்கள்.

ஏடு மட்டுமா அழிகிறது? தெம்மாங்கு கட்டத் தெரிந்த தோழர் அதை எழுதி வைக்காமல் கண்ணை மூடினால் அதுவும் ஓர் ஏடு வெந்ததுதான். சங்கத்தின் முதல் வேலைநிறுத்தம் எப்படி நடந்தது என்று நேரில் கண்ட முதியவர், யாரும் கேட்டு எழுதாமல் மறைந்தால் அதுவும் ஓர் ஏடு வெந்ததுதான்.

1919-இல் உத்தியோகம் முடிந்தது, உழைப்பு முடியவில்லை. 1924-இல் பெருங்கதை வெளிவந்தது. 1937-இல், 82-ஆம் வயதில் குறுந்தொகையைத் தந்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிவந்தார். நமக்கு அரியலூர்த் திண்ணையும் செங்குணத்துப் பாடமும் தெரிவது அதனாலேயே. அது முடியுமுன், உலகப் போரில் குண்டு விழும் என்ற அச்சத்தால் மக்கள் சென்னையை விட்டு வெளியேறிய காலத்தில், திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் காலமானார். 87 ஆண்டு வாழ்ந்தார். பதிப்பித்தும் எழுதியும் அவர் தந்த நூல்கள் 90-க்கு மேற்பட்டவை.

நாம் செய்ய வேண்டுவது

இந்த வாழ்க்கையைப் படித்துவிட்டு, அவர் பெரிய அறிஞர், நமக்கு ஆகுமா என்று கும்பிடு போட்டுவிட்டுப் போவதில் பயனில்லை. அவரைப்போல் எல்லோரும் புலவராக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இரவு முறை முடித்து வரும் தொழிலாளியை மேலும் கண்விழிக்கச் சொல்லவும் மாட்டோம். உறக்கம் அவன் உரிமை. நாம் சொல்வது இவ்வளவே: தன் வாழ்வு எதற்காக என்பதை ஒருவன் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். முடிவு செய்தவனுக்கு வாரத்தில் மூன்று மணி கிடைக்கும். முடிவு செய்யாதவனுக்கு முழு விடுமுறை கிடைத்தாலும் கரைந்துபோகும்.

ஒன்று, ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாட்டா, நாடகமா, ஊர் வரலாறா, படமா, எதுவாயினும் ஒன்று. இரண்டு, வாரத்தில் ஒரு பொழுதை அதற்கென்று ஒதுக்கி வீட்டாரிடமும் தோழர்களிடமும் சொல்லிவிடுங்கள். மூன்று, தனியே உட்கார முடியாவிட்டால் இருவராக உட்காருங்கள். அய்யரும் முதலியாரும் அப்படித்தான் தொடங்கினார்கள். நான்கு, அந்தப் பொழுதில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அய்யர் ஏட்டோடு இருந்த இரவுகளில் அந்த வீட்டைத் தாங்கியவர்கள் பெண்கள். தாயும் மனைவி மதுராம்பாளும் சுமந்த சுமையை எந்தப் பதிப்பின் முகப்பும் சொல்லாது. மனைவியின் உழைப்பில் திருடிய நேரத்தைத் தன் நேரம் என்று கொண்டாடுவது உழைப்பாளர் இயக்கத்துக்கு அழகன்று. உமக்கு ஒரு மாலை என்றால் வீட்டம்மைக்கும் ஒரு மாலை. அன்று அடுப்பை நீர் பாரும். அவர் உள்ளத்திலும் ஒரு பாட்டு இருக்கலாம், ஒரு கதை இருக்கலாம்.

இருக்க இடமில்லை என்று சொல்ல வேண்டாம். 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் பயனாக நம் ஊர்களில் கிளை நூலகங்கள் இருக்கின்றன. அங்கே புறநானூறும் சிலப்பதிகாரமும் அடுக்கில் காத்துக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எவரும் இனிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போக வேண்டியதில்லை.

எழுதவும் பாடவும் வராது என்னும் தோழருக்கும் ஒரு வேலை உண்டு. நம் கருத்தில் அதுவே தலையாயது. சடகோபையங்காரும் சிதம்பரம் பிள்ளையும் விருத்தாசல ரெட்டியாரும் செய்த வேலை அது. ஊரில் கேள்வி கேட்கும் ஒரு பிள்ளை இருக்கும். செங்கல் சூளையில் வேலை செய்பவர் மகளாக இருக்கலாம். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையனாக இருக்கலாம். அன்று எல்லாப் பிள்ளைக்கும் திறக்காத திண்ணையை இன்று நாம் திறந்து வைக்கலாம். வாரத்தில் ஒரு மாலை அந்தப் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்போம். தெரியாததற்கு, தெரிந்தவரிடம் அனுப்பி வைப்போம். குன்னத்திலும் செங்குணத்திலும் அன்று கொடுத்தவர்கள், யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கவில்லை. நமக்கும் தெரிய வேண்டியதில்லை.